வினையூக்கிக்கு ஒரு துணை

வினையூக்கி இன்னதென்பதை வேதியியல் வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துவது அது. அதனை அடுத்து, ஓரிரு வரிகளில் உயர்த்தி என்ற சொல்லும் வந்து போகும். தனித்து நின்றால் அவ்வினையில் ஏதும் செய்யமாட்டாத பொருள், வினையூக்கியோடு சிறிதளவு சேர்ந்தால் அதன் ஆற்றலை உயர்த்தும் என்பதே அங்குக் காணும் விளக்கம். இவ்விளக்கம் போதாது என்பது என் கருத்து. விளையும் பொருளையே மாற்றவல்லது உயர்த்தி.

செந்தணலாய்க் கனன்ற நிலக்கரியின்மீது நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு பிறக்கிறது. தொகுப்பு வாயு என்பது இதன் பெயர். இதிலிருந்து மீதேனும் வரலாம், மெழுகும் வரலாம், ஆல்கஹாலும் வரலாம். மாலிப்டினம் டைசல்பைடை வினையூக்கியாக இட்டு, இவ்வாயுவை உயர்ந்த அழுத்தத்தில் சூடேற்றினால், பெரும்பாலும் மீதேனும் அதன் இனத்து ஹைட்ரோகார்பன்களுமே கிடைக்கும். அதே சல்பைடில் பொட்டாசியம் கார்பனேட்டைச் சிறிது ஏற்றிவிடுங்கள். மெதனால், எதனால், புரோப்பனால் என ஆல்கஹால்கள் முன்னே வந்துவிடுகின்றன. 1980களில் அமெரிக்க டௌ கெமிக்கல் நிறுவனத்தார் இதனைக் கொண்டு ஒரு முறையை வகுத்தனர்.

காரணம் யாது? வினையூக்கியின் பரப்பில் கரியணுவும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மற்றொரு ஹைட்ரஜன் அணு விரைந்து வந்து பற்றினால் அது ஹைட்ரோகார்பனாகிப் பறந்துவிடும். அதற்குமுன் கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறு ஒன்று, தன் ஆக்ஸிஜனை இழக்காமலே, துணுக்குக்கும் பரப்புக்கும் இடையே நுழைந்துகொண்டால், பின்னர் ஹைட்ரஜனை ஏற்று ஆல்கஹாலாகும். பொட்டாசியம் அப்பரப்பில் ஹைட்ரஜனின் வேகத்தைத் தணித்து, கார்பன் மோனாக்ஸைடுக்கு அவகாசம் தருகிறது என்பதே ஆய்வாளர் பலர் கொள்ளும் விளக்கம். ஆகவே, உயர்த்தி என்று பெயர் பெற்றது இங்கே ஒருவகையில் தடை போடுகிறது! அளவு மிஞ்சினால் பொட்டாசியம் பரப்பையே மூடி, வினை முழுவதையும் தளர்த்திவிடும். கோபால்ட்டையும் கூடச் சேர்த்தாலோ, மெதனாலின் பங்கு குறைந்து எதனாலின் பங்கு ஏறுகிறது.

மெதனால் ஒன்றையே வேண்டுவோர் நிலை வேறு. 1923இல் ஜெர்மனியின் லாய்னா ஆலையில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், துத்தநாக ஆக்ஸைடும் குரோமியம் ஆக்ஸைடும் கலந்த வினையூக்கியால் தொகுப்பு வாயுவை மெதனாலாக்கத் தொடங்கியது. அவ்வினையூக்கியில் காரம் கலந்தால் ஐசோபியூட்டனால் போன்ற உயர் ஆல்கஹால்கள் தோன்றும். அவற்றை நாடுவோர்க்குக் காரம் உயர்த்தி. தூய மெதனாலை நாடுவோர்க்கு அது வெறும் மாசு. இரும்போ இன்னும் பொல்லாதது. மிகுந்த அழுத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு எஃகுச் சுவரையே அரித்து, இரும்பு கார்பனைல் என்னும் ஆவியாக்கிக் கொண்டுபோய், வினையூக்கியின்மீது இரும்பைப் படியவைத்துவிடும். உடனே மீதேன் பிறக்கத் தொடங்கும். அவ்வினை வெளியிடும் வெப்பம் மிகுதி. வெப்பம் ஏற ஏற மீதேனும் பெருகி, கலத்துக்கே ஆபத்தாக முடியும். அதனால்தான் அக்காலத்து வினைக்கலங்களின் உட்புறத்தைச் செம்பால் மூடினார்கள்.