நெஞ்சில் ஸ்டென்ட், நினைப்பில் அட்டாக்

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று இறந்தார். வயது 46. உடற்பயிற்சிக்குப் பேர்போனவர். அடுத்த சில நாட்களில் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் கூட்டம் அலைமோதியது. நேற்றுவரை நெஞ்சைப் பற்றி நினைத்தே பார்த்திராத இளைஞர்கள் இசிஜி எடுக்க வரிசையில் நின்றார்கள். பீதியடைய வேண்டாம் என்று மருத்துவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து மாரடைப்பு மரணங்கள் என்று செய்தி பரவியபோதும் அதே கூட்டம், அதே வரிசை. கர்நாடக அரசு அமைத்த நிபுணர் குழு, வழக்கத்தை மீறிய அதிகரிப்பு எதுவும் இல்லை என்று பிறகு அறிக்கை கொடுத்தது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு ஆராய்ந்து சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் ஊர் தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது.

தருமபுரிக்காரர்களுக்கு ஜெயதேவா அந்நியமான பெயர் அல்ல. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வராத தெரு அரிது. நெஞ்சுக்குப் பெரிய வைத்தியம் என்றால் தெற்கே சேலம் அல்லது வடக்கே பெங்களூரு என்றுதான் காலங்காலமாகக் கணக்கு. வைத்தியம் வருகிற அதே நெடுஞ்சாலையில்தான் பீதியும் வந்து இறங்குகிறது.

ஆரோக்கியமானவரின் பீதிக்கு ஒரு முடிவு உண்டு. இசிஜி, எக்கோ பார்த்து “ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க” என்று மருத்துவர் சொன்னால் பாதி பேருக்குப் படபடப்பு அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு, வால்வு மாற்றியவருக்கு, இதயத்தின் பம்பிங் குறைவு என்று சொல்லப்பட்டவருக்கு அந்த வாக்கியம் எடுபடாது. ஒன்று இருக்கிறதே! அதனால்தான் இவர்களுடைய பயத்தை “சும்மா மனப்பிரமை” என்று ஒதுக்குவதும் தவறு. பயப்படுவது நியாயம்தானே என்று அப்படியே விட்டுவிடுவதும் தவறு. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்பதை மருத்துவ அறிவியல் ஓரளவு கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நம் ஊர் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை.

அறுவைக்கூடத்திலிருந்து வீடு திரும்பியவரின் முதல் சில மாதங்களைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் தெரியும். இரவு இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கிறது. உடனே விரல் மணிக்கட்டுக்குப் போகிறது. வீட்டில் வாங்கி வைத்த பிரஷர் கருவியில் ஒரு முறை 140 காட்டினால், ஏன் 140 என்ற கவலையில் அடுத்த முறை 150 காட்டுகிறது. “ஏங்க, திரும்பவும் நாடி பார்க்கிறீங்களா, படுங்க” என்று மனைவி அதட்டுகிறார். ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தொட விடாமல் தடுப்பவரும் அவரேதான். காட்டு வேலை நின்றுபோகிறது. மாடியேறுவது நிற்கிறது. துக்க வீட்டுக்குப் போவதுகூட நிற்கிறது, அதுவும் மாரடைப்பில் போனவர் வீடென்றால்.

இந்தப் பதற்றம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், படபடப்பு என்று வந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் கவனித்த ஜேகப் மெண்டெஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர், 300 பேரின் விவரங்களை வைத்து 1871இல் ஒரு கட்டுரை எழுதினார். பலருடைய இதயத்தில் கட்டமைப்புக் கோளாறு எதுவும் தென்படவில்லை. துடிப்பு மட்டும் நிஜமாகவே தாறுமாறாக ஓடியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவர்களும் இதையே கண்டு ‘படைவீரர் இதயம்’ என்று அழைத்தார்கள்.

பயம் நெஞ்சை ஓட்டுகிறது, சரி. ஓடுகிற நெஞ்சு பயத்தை உண்டாக்குமா? நூறாண்டுக்கு மேல் உளவியலாளர்கள் சண்டையிட்ட கேள்வி இது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசெராத் குழு எலிகளை வைத்து ஒரு பதில் சொன்னது. எலியின் இதயத் தசை ஒளிக்குத் துடிக்கும்படி மரபணு மாற்றம் செய்து, உடம்பில் ஒரு சின்ன அங்கியை மாட்டி, சிவப்பு விளக்கை மினுக்கி, துடிப்பை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 900 என்ற வேகத்துக்கு ஏற்றினார்கள். பத்திரமான இடத்தில் இருந்த எலி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆபத்து இருக்கக்கூடிய இடத்தில், அதாவது திறந்த உயரமான பாதையிலோ, தண்ணீர் குடிக்கப் போனால் எப்போதாவது மின்னதிர்ச்சி கிடைக்கும் இடத்திலோ விட்டால் பின்வாங்கியது. மூளையில் உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா என்ற பகுதியை அடக்கியபோது இந்தத் தயக்கம் குறைந்தது.

இதைப் படித்தபோது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையும் வத்தல்மலையும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும், இரவில் வண்டி கிடைக்குமா என்று யோசிக்க வேண்டிய மலைக் கிராமத்தவருக்கும் நெஞ்சு ஒரே மாதிரி படபடக்கலாம். பயம் ஒரே மாதிரி இருக்காது. எலி ஆராய்ச்சியிலிருந்து மனிதர்களுக்கு நேராகத் தாவக்கூடாதுதான். ஆனாலும் தைரியம் சொல்வதைவிட ரோடு போடுவது நல்ல மருந்தாக இருக்கும் இடங்கள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

நோயாளிகள் அதிகம் மிரளும் இரண்டு உணர்வுகளை மட்டும் இங்கே விளக்கிவிடலாம். ஒன்று, “நெஞ்சு ஒரு துடிப்பு நின்னு, திக்குன்னு விழுது” என்பது. இதயத்தின் வேறொரு மூலையிலிருந்து முன்கூட்டியே ஒரு துடிப்பு கிளம்பிவிடும். அது பலவீனமானது, நமக்குத் தெரியாது. அதற்குப் பின் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால், அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. நாம் உணர்வது அந்த இடியைத்தான், இதயம் நிற்கவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரும். அடிக்கடி வந்தால், தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால், அல்லது இதயம் ஏற்கெனவே பலவீனம் என்றால் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று, விரல் நுனி மரத்து, வாயைச் சுற்றிச் சுரீரென்று குத்தி, தலை கிறுகிறுப்பது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதன் விளைவு அது. மூச்சை நிதானமாக வெளியே விடப் பழகினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும்.

அடிக்கடி பரிசோதித்துக்கொண்டால் நிம்மதி வருமா? 2020இல் அமெரிக்காவிலிருந்து ஒரு நோயாளியின் கதை மருத்துவ இதழில் வெளியானது. எழுபது வயதுப் பெண்மணி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு நோய் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. கையில் ஸ்மார்ட் வாட்ச். ஓராண்டில் அவர் தானாக எடுத்த இசிஜி 916. மருத்துவமனைக்கு ஓடியது 12 முறை. நோய் முற்றியதால் அல்ல. வாட்ச் அவ்வப்போது ‘தெளிவாகச் சொல்ல முடியவில்லை’ என்று காட்டியதால். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது உளவியல் சிகிச்சை. தருமபுரியில் அந்த வாட்ச் எத்தனை பேர் கையில் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கையில் கட்டும் பிரஷர் கருவியும் கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு வந்துவிட்டன, வேலை ஒன்றுதான்.

பரிசோதனை தரும் நிம்மதி குறுகிய ஆயுள் கொண்டது. ஒவ்வொரு முறை நிம்மதி கிடைக்கும்போதும் ‘பார்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. காட்டுக் கொட்டாயில் காவலுக்குக் கட்டிய நாய் சருகு உருண்டாலும் குரைக்கும். குரைக்கும்போதெல்லாம் விளக்கெடுத்துக்கொண்டு ஓடினால், அது இன்னும் அதிகமாகத்தான் குரைக்கப் பழகும்.

எப்போதும் விழிப்பாக இருந்தால் இதயத்துக்கு நல்லதுதானே என்ற வாதத்தையும் நார்வேயில் பார்த்துவிட்டார்கள். சுமார் 7,000 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது; 2016இல் வெளியானது. உடல்நலக் கவலை மிகுந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. கவலைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கவலை காப்பாற்றுகிறது என்று சொல்லவே முடியாது.

சிகிச்சை விஷயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது பிரிட்டனில் நடந்து, 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு. இதயம், நுரையீரல், நரம்பு, வயிறு, நாளமில்லாச் சுரப்பி ஆகிய புறநோயாளிப் பிரிவுகளுக்கு வந்தவர்களில் கடுமையான உடல்நலப் பதற்றம் உள்ள 444 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மறுபாதிக்கு அதோடு ஐந்து முதல் பத்து அமர்வுகள் வரை பேச்சுவழிச் சிகிச்சை. எந்த உணர்வை எப்படித் தப்பாகப் படிக்கிறோம் என்று பார்ப்பது, நாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது, பயந்து ஒதுக்கிய வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது, இவைதான் அதன் சாரம். இரண்டாண்டுகள் கழித்தும் பலன் நீடித்தது. எல்லோரும் குணமாகிவிடவில்லை, பதற்றம் கணிசமாகக் குறைந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் பெரிய மனநல மருத்துவர்களும் அல்ல. குறுகிய பயிற்சி பெற்றவர்கள்தான். அவர்களுள்ளும் செவிலியர்கள் நடத்திய அமர்வுகளுக்கு மற்றவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கும் நமக்கு இதைவிட முக்கியமான சேதி என்ன இருக்கிறது?

இனி மறுபக்கம். பதற்றத்தைக் குறைக்கிறேன் என்று உண்மையான வலியை உதாசீனம் செய்துவிடக் கூடாது. நம் ஊரில் பயத்தைவிடப் பெரிய கொலையாளி ‘வாயுப் பிடிப்பு’ என்ற சமாதானம்தான். நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல், மயக்கம் என்றால் சோடா குடித்துப் பார்க்கும் நேரமல்ல அது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வாகவும் குமட்டலாகவும் வரக்கூடும். நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2017இல் வெளியான முடிவு இது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவை மொத்தம் 14 மாத்திரைகளாக முதலுதவிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கொடுப்பது அங்குள்ளவர்கள் வேலை; வீட்டில் வாங்கி வைத்து நாமாக விழுங்குவதற்கு அல்ல.

அப்படியானால் எது சருகு, எது திருடன்? இரவு இரண்டு மணிக்குப் பயத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாத கேள்வி இது. பகலில், மருத்துவர் முன்னால், ஒரே ஒரு முறை முடிவு செய்து காகிதத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். என்ன அறிகுறி வந்தால் உடனே 108. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால், ஒன்று வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. எந்த உணர்வுக்கு உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்தினால் போதும். பிரஷர் வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கலாம். எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம். கடைசி இரண்டையும் வீட்டாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். நடை விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் அந்தக் காலத்துப் படுக்கை ஓய்வையே நம்புகிறார்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1955 செப்டம்பரில் மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட், இதய நோயாளிகள் எழுந்து நடமாட வேண்டும் என்று நாட்டுக்கே சொன்னார். அடுத்த ஆண்டே ஐசனோவர் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார். மருத்துவர் அளந்து சொன்ன நடை, இதயத்துக்கு எவ்வளவு நல்லதோ அதே அளவு பயத்துக்கும் நல்லது. வேகமாகத் துடித்த நெஞ்சு தானாக அடங்குவதைத் தினமும் நேரில் பார்க்கிறோம் அல்லவா.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது சாமனப்பள்ளியில். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற அத்திட்டத்தின் பெண் தன்னார்வலர், இதய நோயாளியிடம் “மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்பதோடு “ராத்திரி பயத்துல தூக்கம் கெடுதாங்கண்ணா?” என்றும் கேட்கலாம். ஆம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் அனுப்பலாம். அந்தச் செவிலியருக்குச் சில நாள் பயிற்சி தரத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம்.

அதுவரை, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுவலிக்கு 108. மனப் பதற்றத்துக்கு டெலி-மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள்.