யாத்திரை வழியும் ஆலயச் சுவரும்

ஆவணி மாதத்தில் புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்ச் சாலையில் நிற்போர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். காவியுடுத்த ஆண்களும் பெண்களும், மாதாவின் சொரூபத்தைச் சிறு தேரில் வைத்து இழுத்துக்கொண்டு, கூட்டங் கூட்டமாய் அரியாங்குப்பத்தைக் கடந்து நடக்கின்றனர். ஏறக்குறைய 100 மைலுக்கு அப்பாலுள்ள வேளாங்கண்ணியே அவர்கள் நாடும் ஸ்தலம். அங்கே ஆகஸ்டு 29-ல் கொடியேறும். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த தினம்.

அரியாங்குப்பத்திலேயே ஆரோக்கிய மாதாவுக்குப் பழமையான ஆலயம் ஒன்றுண்டு. அண்மையில் வில்லியனூரில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. பிரான்சு தேசத்து லூர்தில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி மாதாவைத் தரிசித்ததாகச் சொன்னது 1858-ல். இருபதாண்டு நிறையுமுன் அவ்வன்னைக்கு வில்லியனூரில் ஆலயம் எழுந்துவிட்டது. கொடியேற்றமும் தேரும் குளமும் நேர்த்திக்கடனும் கூடிய இவ்வழிபாட்டை அன்னியர் வழிபாடென்று சொல்வோர், ஒரு முறை திருவிழாவுக்குச் சென்று பார்ப்பாராக.

வீட்டில் செய்யும் ஜெபம் கடவுளின் செவிக்கு எட்டாதோ? எட்டும் என்பதை யாத்திரிகரும் அறிவர். ஆயினும் பிள்ளையின் நோய் தீர வேண்டிக்கொண்ட தாய்க்கு வாய்ச்சொல் போதவில்லை. கால் நோக நடந்து, தன் நன்றியை உடலாலும் செலுத்த விரும்புகிறாள். தன்னைப்போலவே துன்புற்றவர் ஆயிரம் பேர் உடன் நடப்பதைக் கண்டு ஆறுதலடைகிறாள். கிறிஸ்தவரேயன்றி ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வேளாங்கண்ணிக்குச் செல்வதன் காரணமும் இதுவே. துன்பத்திற்கு மதமில்லை. வழியில் தண்ணீர் வார்ப்பவரிடம் ஜாதி கேட்டுக் குடிப்பவருமில்லை.

வழியில் காணும் இச்சமத்துவம் ஆலய வாசலுக்குள்ளும் நுழைகிறதா என்பதே நமது கேள்வி.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் கூறுகிறது. தலைமைத் துபாஷாயிருந்த கனகராய முதலியார், இறந்த தம் மகனின் நினைவாக உழவர்கரையில் ஆலயம் கட்டி, சகல ஜாதியாருக்கும் விருந்தளித்தார். ஆனால் அவரவர் ஆசாரம் கெடாதபடி சமையலும் பந்தியும் வெவ்வேறாயிருந்தன. அதே ஆண்டில் புதுச்சேரி மாதாகோயிலில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து நிறுத்திய உட்சுவர், அவர்களது முறையீட்டின் பேரில் இடிக்கப்பட்டது. உயர் ஜாதிக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்துக் கலகம் செய்தனர்.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? புதுச்சேரி – கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தேவமாதாவின் பெயர் தாங்கிய ஆலயத்தையொட்டி எழுந்த ஜாதிப் பூசல் 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் உயிரிழந்தனர். சுவர் இடிந்தது, அதை எழுப்பிய மனம் இடியவில்லை!

இதைக் கேட்டு ஹிந்துக்கள் எள்ளி நகைக்க இடமில்லை. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. மதுரை மீனாக்ஷி சன்னிதி, வைத்தியநாதையரின் முயற்சியால், ஹரிஜனங்களுக்குத் திறந்தது 1939-ல்தான். இந்த நோய் மதத்தினுடையதன்று, தேசத்தினுடையது. கிறிஸ்தவராயினும் ஹிந்துவாயினும் அதற்குப் பரிகாரம் தேடவேண்டியவர் நாமே.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர் ஊர் திரும்பும்போது, கொண்டுவரும் எண்ணெயோடும் தீர்த்தத்தோடும், வழியில் பழகிய சமத்துவத்தையும் தத்தம் ஆலயத்துக்குக் கொண்டுவருவாராக. நூறு மைல் ஒன்றாய் நடந்தவர், ஊர்க்கோயிலில் ஒரே வரிசையில் முழந்தாளிடவும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் துயிலவும் மனங்கொள்ளும் நாளே யாத்திரை நிறைவுறும் நாளாகும்.