கச்சான் காற்றும் கொல்லன் உலையும்

வைகாசி கழிந்து ஆனி பிறந்துவிட்டால் படுவான்கரைப் பக்கமிருந்து கச்சான் காற்று எழும். வாவி நீரைச் சுருட்டி எழுவான்கரையில் மோதும், தென்னோலையை முறுக்கும், முற்றத்து மணலை வாரி வீட்டினுள் இறைக்கும். நம்மவர்க்கு அது பயிரையும் உடலையும் வாட்டும் வெறும் வெப்பக் காற்று. ஆயின், அதே காற்று மலைநாட்டைத் தாண்டி ஈரமிழந்து நம்மிடம் வந்து சேருமுன்னர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மலைச் சரிவுகளிலே உலை ஊதி உருக்கு விளைவித்தது என்றால் நம்புவார் சிலரே. இது கற்பனையன்று, ஆராய்ந்து நிறுவப்பெற்ற உண்மை. அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும், அதனால் நாம் பெறவேண்டிய படிப்பினையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரும்பு உண்டாகும் வகையை அறிதல் வேண்டும். நிலத்தில் இரும்பு தனித்துக் கிடைப்பது மிக அரிது. ஒட்சிசனோடு கூடிய தாதாகவே பெரிதும் கிடைக்கின்றது. உலையிலே மரக்கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகின்றது. அது தாதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொண்டு இரும்பை விட்டுவிடுகின்றது. தாதோடு கலந்த கல்லும் மண்ணும் கிட்டமாக உருகி ஓட ஏறத்தாழ 1200 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். இரும்பு உருகுவதோ 1538 பாகையில். ஆதலால் பழைய உலைகளில் இரும்பு பெரும்பாலும் நீராக உருகாது, பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த கட்டியாகவே திரளும். அதனைச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் போக்குவர். அவ்விரும்பிற் காபன் ஏறத்தாழ இல்லையாயின் அது மெல்லிரும்பு. நூற்றுக்கு ஒரு பங்கு அளவிற் சேர்ந்தால் உருக்கு. இரண்டு பங்கிற்கு மேற்பட்டால் அடிக்க உடையும் வார்ப்பிரும்பு.

இத்துணை வெப்பத்தையும் தருவது காற்று. திறந்த வெளியில் எரியும் கரி இவ்வெப்பத்தைத் தாராது. ஆகவேதான் உலகெங்கும் கொல்லன் துருத்தியை நாடினான். துருத்தியின்றி, இயற்கைக் காற்றை மட்டும் நம்பிச் சிறந்த உருக்குச் செய்யலாம் என்பதை அறிஞர் எளிதில் ஏற்கவில்லை.

இலங்கையில் இத்தொழிலை அரசாங்கப் பணியில் இருந்துகொண்டு முதலில் முறையாக நோக்கியோருள் ஒருவர் நம்மவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். கலையறிஞராக உலகம் போற்றும் அப்பெரியார் முதலிற் புவிச்சரிதவியல் அறிஞர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கு அவர் பணிப்பாளராக இருந்தார். அக்காலத்தில் பலாங்கொடைப் பகுதியில் அழிந்துகொண்டிருந்த இரும்புருக்கும் தொழிலைக் கண்டு, உலையின் அமைப்பையும் துருத்தியின் இயக்கத்தையும் குறித்துவைத்தார். 1908இல் வெளிவந்த அவரது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலும் அச்செய்திகள் இடம்பெற்றன. அவர் எழுதியிராவிடின் அத்தொழிலின் இறுதி நிலை இன்று நமக்குத் தெரிந்திராது. எனினும் அவர் கண்டது துருத்தி உலையையே. அதனினும் பழைய காற்றுலை, அதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே வழக்கொழிந்து மண்ணுள் மறைந்திருந்தது.

எண்பதுகளில் பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையை மறித்துச் சமனலவேவா நீர்மின் திட்டத்தை அமைக்க அரசாங்கம் முற்பட்டது. 1992இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் 120 மெகாவாற்று வலுவுடையது. நீரில் அமிழவிருந்த நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆராயும் பணியில் ஜில் ஜூலெப் என்னும் பிரித்தானியத் தொல்லியல் அறிஞர் ஈடுபட்டார். அவ்வம்மையார் கண்டவை கோயில்களல்ல, அரண்மனைகளல்ல. கிட்டக் குவியல்களும் உடைந்த உலைச் சுவர்களுமே. மேற்கு நோக்கிய மலை விளிம்புகளில் அத்தகைய இடங்கள் எழுபதுக்கும் மேற்பட்டவை இருந்தன. பெரும்பாலானவை கி.பி. 7ஆம் நூற்றாண்டிற்கும் 11ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை என அறியப்பட்டது.

ஏன் எல்லாம் மேற்கு நோக்கின? அத்திசையிலிருந்தே தென்மேற்குப் பருவக் காற்று வீசுகின்றது. ஆனால் ஊகம் முடிவாகாது. ஆகவே 1994இல் அதே மலைப்பகுதியில், அதே வடிவில் உலைகளைக் கட்டி, தாதும் கரியும் இட்டு, பருவக் காற்றை எதிர்நோக்கினர். துருத்தி ஒன்றும் இல்லை. காற்று எழுந்தது, உலை கனன்றது, இரும்பும், காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தன. அம்முடிவு 1996ஆம் ஆண்டு சனவரியில் ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் வெளியாயிற்று.

இதன் நுட்பம் சிந்திக்கத்தக்கது. காற்று நேரே உலைக்குட் புகுந்து ஊதுவது மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ளலாகாது. உலையின் முன்சுவர் நீண்டு நேராக நிற்கும், பின்சுவர் வளைந்திருக்கும். சரிவில் ஏறிவரும் காற்று முன்சுவரின் உச்சியைத் தாவிக் கடக்கும்போது, அதன் உட்புறத்தே அமுக்கம் குறைகின்றது. முன்சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த மண்குழாய்களின் வெளிவாயிலிலோ அமுக்கம் மிகுதி. இவ்வேறுபாட்டினால் காற்று குழாய்களின் வழியே இடையறாது உள்ளே இழுக்கப்படுகின்றது. பின்னர்க் கணினி கொண்டு செய்த கணிப்பும் இதனை உறுதிப்படுத்தியது. ஏடு எழுதாத கைவினைஞர், மலையையும் சுவரையும் பருவத்தையும் சேர்த்து ஒரே பொறியாக்கினர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையிற் சரந்தீபத்தைக் குறிப்பிடுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

உலோகத் தொழிலை ஆராய அரசுகள் நிலையங்கள் நிறுவியதும் நாம் அறியவேண்டியதே. இந்தியாவில் ஜம்செட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுகூடம் 1950இல் திறக்கப்பெற்றது. இலங்கையில் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் 1955இல் தோன்றி, 1998இற் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமாயிற்று. 1974இல் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் அமைந்தது. இவை வேண்டுவனவே. ஆயினும் ஆய்வுகூடத்தின் கதவும் கொல்லன் கம்மாலையின் கதவும் ஒன்றையொன்று பார்த்துத் திறந்திருத்தல் வேண்டும். அரசாங்கத்தின் பொருளால் நடக்கும் ஆராய்ச்சி, வரியிறுக்கும் கைவினைஞனின் படலையையும் ஒருமுறை தட்டுதல் முறையன்றோ?

இவ்வாறு கூறுவதற்கு என் சொந்தக் குறையொன்றும் காரணமாகும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கொல்லர் ஒருவரின் கம்மாலையில் துருத்தி இழுப்பது பள்ளி விட்ட மாலைகளில் எமக்கு விளையாட்டு. போர்க்காலமாதலால் புதிய இரும்பு கிடைப்பது அரிது. பழைய லொறியின் வில்லுத் தகட்டை வெட்டி, வேளாண்மை வெட்டுக்கு வேண்டிய தாக்கத்திகளை அவர் அடித்துத் தருவார். தகடு செந்நிறமாய்க் கனன்றதும் வாயை மட்டும் நீரில் தோய்ப்பார். எடுத்துக் கல்லில் ஒருமுறை தேய்ப்பார். பின் கண்கொட்டாமற் பார்த்திருப்பார். “நிறத்தைப் பாரு மகன்” என்பார். வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம் என வாயை நோக்கி நிறங்கள் ஓடும். அவர் மனம் கொண்ட நிறம் வந்ததும் மீண்டும் நீரில் அமிழ்த்துவார்.

அன்று அது எனக்கு மாயவித்தை. பின்னரே காரணம் அறிந்தேன். ஏறத்தாழ 800 பாகையில் இருக்கும் உருக்கைத் திடீரெனக் குளிர்வித்தால் அது மிகக் கடினமாகும்; ஆனால் கண்ணாடிபோல உடையும். தோய்க்காத முதுகிற் தங்கிய வெப்பம் வாய்க்குப் பரவும்போது அக்கடினம் சிறிது தணிந்து உறுதி பிறக்கும். 220 பாகையளவில் மஞ்சளும் 300 பாகையளவில் நீலமும் தோன்றும். கொல்லரின் கண்ணே வெப்பமானி. தாக்கத்திக்கு ஒரு நிறம், உளிக்கு ஒரு நிறம், கோடரிக்கு ஒரு நிறம் என அவர் வேறுபடுத்தினார்.

எந்தக் கருவிக்கு எந்த நிறம் என்று இன்று என்னைக் கேட்டால் விடையில்லை. அவர் மறைந்துவிட்டார். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிய பின் தாக்கத்திக்குத் தேவை குறைந்தது. அவர் மக்களும் வேறு தொழிலுக்குச் சென்றனர். துருத்தி, குறடு, சம்மட்டி, தோய்ச்சல் எனச் சொற்பொருள் கற்பிக்கும் தமிழாசிரியனாகிய நான், அச்சொற்களோடு வாழ்ந்த ஒருவரிடம் ஒரு வரியேனும் கேட்டெழுதினேனில்லை. குமாரசுவாமி அவர்கள் நூறாண்டுகளுக்கு முன் செய்த பணியை, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் செய்யத் தவறினேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளர் உளர். இரசாயனம் கற்பிப்போர் உளர். திணைக்களங்களில் உயர்பதவி வகிப்போரும் உளர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாவியின் இரு கரையிலும் இன்னும் எஞ்சியுள்ள கம்மாலைகளுக்குச் செல்லுங்கள். கருவிகளின் பெயர்களையும், கரிக்கு ஏற்ற மரங்களையும், தோய்ச்சலின் நிறங்களையும் எழுதுங்கள், படம் பிடியுங்கள். ஒரு தாக்கத்தியின் வாயை அறுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கும்படி மாணவரை ஏவுங்கள். எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கொல்லரை ‘ஐயா’ என்று அழைக்கும் பணிவும் போதும்.

சமனலவேவாவின் கைவினைஞர் தம் அறிவை எழுதாது சென்றதனால், அதை மீட்க ஆயிரம் ஆண்டும் ஒரு பெரும் ஆராய்ச்சியும் வேண்டியதாயிற்று. நம் கொல்லரின் அறிவை மீட்க அத்துணைக் காலம் வேண்டாம். அவருட் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அடுத்த கச்சான் எழுமுன் அவர்கள் படலையைத் தட்டுவோமாக.