ஒரு இன்ஜின், இரண்டு டர்போ... 410 கி.மீ வேகத்தைத் தொட்ட காரின் கதை!

1987-ல் அமெரிக்காவின் ஷெவர்லே ஷோரூமில் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை புக் செய்யப் போனவர்களுக்கு ஆர்டர் ஃபாரத்தில் ஒரு ஆச்சர்யம் காத்திருந்தது. சீட், கலர், மியூசிக் சிஸ்டம் என்று டிக் அடித்துக்கொண்டே வரும்போது, ‘பி2கே’ என்று ஒரு குறியீடு வரும். அதற்கும் டிக் அடித்தால், கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் தொழிற்சாலையில் தயாரான புத்தம்புது கார் நேராக வீட்டுக்கு வராது. கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்டு லைம் என்கிற சின்ன ஊருக்கு லாரியேறிப் போகும். அங்கே பலப்படுத்திய இன்ஜினும் அதன் இரு பக்கமும் இரண்டு டர்போவும் பூட்டி, பிறகுதான் வாடிக்கையாளரிடம் அனுப்புவார்கள். 28,000 டாலர் காருக்கு, இந்த வேலைக்கு மட்டும் கூடுதலாக ஏறக்குறைய 20,000 டாலர்!

பெரிய கார் கம்பெனி ஒன்று, தன் பெருமைக்குரிய மாடலை ஒரு சின்ன பட்டறையிடம் நம்பி ஒப்படைத்தது. அந்தப் பட்டறையின் முதலாளி பெயர் ரீவ்ஸ் கேலவே. கோல்ஃப் விளையாடுபவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ‘கேலவே கோல்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கிய எலி கேலவேயின் மகன்தான் இவர். அப்பா பந்தை தூரமாக அடிக்கும் மட்டை செய்தார். பிள்ளைக்கு வேகத்தின்மேல் காதல். கார் பந்தய வீரராக இருந்து, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளராக வேலை பார்த்தவர். அங்கே தினமும் ஓட்டிய பி.எம்.டபிள்யூ 320ஐ காரில் இன்னும் கொஞ்சம் சக்தி இருந்தால் தேவலையே என்று தோன்ற, வீட்டு கேரேஜிலேயே டர்போ பொருத்தும் வேலையில் இறங்கினார். 1977-ல் அதுவே தொழிலாகிவிட்டது.

சைக்கிள் பம்ப்பும் கொல்லன் துருத்தியும்

இப்போது நம் ஊர் ஹேட்ச்பேக் கார்களின் முதுகில்கூட ‘டர்போ’ என்று எழுதியிருக்கிறது. அது செய்யும் வேலை, கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலைதான். காற்றைக் கூட்டினால் நெருப்பு கூடும்.

இன்ஜினில் பெட்ரோல் தனியாக எரியாது; அதற்குக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின், தன்னால் எவ்வளவு உறிஞ்ச முடியுமோ அவ்வளவு காற்றை மட்டுமே எடுக்கும். டர்போ அந்தக் காற்றை அழுத்தித் திணிக்கும். திணிப்பதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் அழகான விஷயம். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் அனுப்புகிறது. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஷி இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

நம் வீட்டு மிக்ஸி நிமிடத்துக்கு ஏறக்குறைய 20,000 சுற்று சுற்றும். டர்போவின் சக்கரம் ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அதுவும் சாதாரண வெப்பத்தில் இல்லை... பெட்ரோல் இன்ஜினை முழு மூச்சில் ஓட்டினால் புகைச் சூடு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். இரவில் பார்த்தால் குழாய்கள் செக்கச் சிவந்து கனன்றுகொண்டிருக்கும்.

சரி, ஒன்று போதாதா, எதற்கு இரண்டு? பெரிய இன்ஜினுக்கு நிறைய காற்று வேண்டும். அதற்குப் பெரிய டர்போ வேண்டும். பெரிய சக்கரம் கனமானது, வேகமெடுக்க நேரமாகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. அடுப்பில் வைத்த பால் போல சும்மா கிடக்கும். ‘என்னடா இது’ என்று நினைக்கும்போது திடீரென்று பொங்கும். இந்தத் தாமதத்தை ‘டர்போ லேக்’ என்பார்கள். பெரிய ஒன்றுக்குப் பதிலாக சிறிய இரண்டைப் போட்டால் சீக்கிரம் சுழலத் தொடங்கும். கார்வெட்டில் இருப்பது ‘வி8’ இன்ஜின். இடது பக்கம் நான்கு சிலிண்டர், வலது பக்கம் நான்கு. புகையும் இரண்டு பக்கமாகத்தான் வெளியே வரும் என்பதால், பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டுவது வசதி. 1981-ல் அறிமுகமான இத்தாலியின் மஸராட்டி பைடர்போதான் இரட்டை டர்போவுடன் சந்தைக்கு வந்த முதல் கார். அதற்குப் போட்டியாக ஆல்ஃபா ரோமியோவின் ஜி.டி.வி6 காருக்கு இரட்டை டர்போ போட்டுக் கொடுத்தவர் கேலவே. அந்தக் கார் ஷெவர்லே பொறியாளர்களின் கண்ணில்பட, கார்வெட் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது.

நுகத்தடியில் இரண்டு காளைகள்

டர்போ வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், சில கிலோமீட்டரிலேயே இன்ஜினை அள்ள வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் டர்போவைப் பூட்டுவது சின்ன வேலை. அதைத் தாங்கும்படி மற்ற எல்லாவற்றையும் மாற்றுவதுதான் பெரிய வேலை.

முதல் எதிரி, சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று இன்ஜினுக்குள் போனால், ஸ்பார்க் பிளக் பொறி வைப்பதற்கு முன்போ, வைத்த பின் தாறுமாறாகவோ எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். பட்டாசுச் சரத்தை ஒரு முனையில் பற்றவைத்தால் வரிசையாக வெடிக்க வேண்டும். மறுமுனையும் தானாகப் பற்றிக்கொண்டால் எப்படியிருக்கும்? மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். ‘டிக் டிக்’ என்று சின்ன சத்தமாகக் கேட்கும். ஆனால், பிஸ்டனில் ஓட்டை போட அந்தச் சத்தமே போதும்.

1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இதைத் தடுக்க ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தார்கள். மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தைத் தனி டாங்கில் ஊற்றிவைக்க வேண்டும். இன்ஜின் அதைத் தெளித்துத் தெளித்துக் குளிர்ந்துகொள்ளும். கார் வாங்கியவர்கள் பெட்ரோல் போட்டார்களே தவிர, இந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். டாங்க் காலியானதும் கார் தன் டர்போவின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ‘கார் இழுக்கவில்லை’ என்று புகார் வர, கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு கார்பரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்.

கேலவே இந்த வம்புக்குப் போகவில்லை. இன்ஜினின் கம்ப்ரெஷனையே குறைத்தார். சாதாரண கார்வெட் இன்ஜின், உள்ளே வந்த காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அழுத்தும். இவருடையது ஏழரையில் ஒரு பங்காக. டர்போ ஏற்கெனவே அழுத்தித்தான் அனுப்புகிறது என்பதால், இன்ஜின் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பிஸ்டன்களை உருக்கி ஊற்றாமல், அடித்து உருவாக்கிய ‘ஃபோர்ஜ்டு’ ரகமாக மாற்றினார். அழுத்திய காற்றை ஆறவைக்க இன்டர்கூலர்களைப் பொருத்தி, அவற்றுக்குக் காற்று போக பானட்டில் இரண்டு துவாரங்களும் வெட்டினார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி, மறுபடி நாக்கிங்தான். காரின் அசல் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. எனவே, ‘மைக்ரோ ஃப்யூலர்’ என்று தனியாக ஒரு குட்டி கம்ப்யூட்டரைச் சேர்த்து, கூடுதல் இன்ஜெக்டர்கள் மூலம் பெட்ரோல் கொடுத்தார்.

இரட்டை டர்போவுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. நுகத்தடியில் பூட்டிய இரண்டு காளைகளில் ஒன்று அசந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் இல்லையா? அதே கதைதான். இரண்டு டர்போவும் ஒரே பொதுக் குழாயில் காற்றைக் கொட்டுகின்றன. ஒரு பக்கக் குழாயில் சின்ன கசிவு இருந்து அந்த டர்போ பின்தங்கினால், வலுவான டர்போவின் அழுத்தம் அதன்மேல் திரும்பிப் பாயும். காற்று முன்னும் பின்னும் அலைமோதும். இளைத்த டர்போ திணறும், மற்றொன்று இரண்டு பேர் வேலையையும் இழுத்துக்கொண்டு எல்லைமீறிச் சுழலும். அதனால்தான் நல்ல பட்டறைகளில் இரண்டு பக்கக் குழாய்களின் நீளம், வளைவு, வெல்டிங் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே மாதிரி செய்கிறார்கள். அழுத்தம் எல்லை தாண்டும்போது புகையைத் திருப்பிவிடும் ‘வேஸ்ட்கேட்’ வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும்படி அமைக்கிறார்கள். இந்த வேலையில் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும்.

பிறகு, ஆயில். ஒரு லட்சம் சுற்று சுற்றும் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. ஆயில் ஒரு நொடி தடைபட்டாலும் கதை முடிந்தது. உள்ளே போன ஆயில் தானாக வழிந்து சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். கார்வெட் போன்ற தாழ்வான காரில் மேலே இடமில்லாமல் டர்போவைக் கீழே வைத்துவிட்டால் ஆயில் மேல்நோக்கி வழியாது. உறிஞ்சி எடுக்கத் தனி பம்ப் வேண்டும். வேகமாக ஓட்டிவந்து சட்டென்று இன்ஜினை அணைத்தால், சூட்டில் அங்கேயே நிற்கும் ஆயில் கருகிப் படியும். அந்தக் கால டர்போ கார்களை நிறுத்தும் முன் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடச் சொன்னது இதனால்தான். நீண்ட நேரம் வேகமாக ஓட்டிய டர்போ காருக்கு இன்றும் அது நல்ல பழக்கம்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? சாதாரண 1987 கார்வெட்டின் சக்தி 240 குதிரைத்திறன். கேலவே கார்வெட்டில் 345. அடுத்த ஆண்டு 382. அவர் நினைத்திருந்தால் இன்னும் அதிகம் பிழிந்திருக்கலாம். ஆனால், இந்த இன்ஜினுக்கு வாரன்டி கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ் இல்லை. கேலவேயின் சின்ன கம்பெனி. ஒவ்வொரு இன்ஜின் உடைந்தாலும் அவர் பாக்கெட்டில்தான் ஓட்டை விழும். எனக்கு அந்த 345 என்கிற எண்ணில் தெரிவது ஒரு வியாபாரியின் நிதானம். 1991 வரை ஏறக்குறைய 500 கார்கள் இப்படி உருவாயின.

‘நம்ம காருக்கும் இப்படிப் போடலாமா?’ என்று இதைப் படிக்கும் யாராவது ஒருவருக்குத் தோன்றியிருக்கும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் கார் என்றால் விஷயம் வேறு. தவிர, இன்ஜின் சக்தி ஏறும்போது பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் சேர்ந்து ஏற வேண்டும். அவற்றை விட்டுவிட்டு டர்போ மட்டும் போடுவது, ஓட்டுபவரோடு எதிரில் வருபவர் உயிருக்கும் உலை.

சம்மட்டி என்றொரு கார்

விற்பனைக் காரில் நிதானம் காட்டிய கேலவே, தன் ஆசைக்கென்று ஒரு காரைத் தனியாகச் செய்தார். அதற்கு முன் அவர் கட்டிய ‘டாப் கன்’ கார் மணிக்கு 231 மைல் வேகத்தைத் தொட்டிருந்தது. அடுத்த இலக்கு 250 மைல். ஆனால் ஒரு நிபந்தனை: சாலையில் சாதுவாக ஓட்டக்கூடிய காராகவும் அது இருக்க வேண்டும். ஏ.சி, பவர் விண்டோ எதையும் கழற்றக் கூடாது! பெயர், ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’. சம்மட்டி என்று அர்த்தம்.

சக்தியை மட்டும் கூட்டி இந்த வேகத்தை அடைய முடியாது. காற்றின் எதிர்ப்பு அப்படி. வேகத்தை இரு மடங்காக்க, சக்தியை எட்டு மடங்காக்க வேண்டும். சாதாரண கார்வெட் 240 குதிரைத்திறனில் சுமார் 150 மைல் போகும். அதே உடலோடு 250-ஐத் தாண்ட, தோராயக் கணக்குப்படி 1,100-க்கும் மேல் தேவை. ஸ்லெட்ஜ்ஹாமரின் இன்ஜின் கொடுத்தது 898. மிச்சத்தை ஈடுகட்டியது, கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த வடிவமைப்பாளர் பால் டாய்ச்மன் வரைந்த புதிய உடல். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எல்லாம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி வழவழப்பாக்கி, கார் தரையை விட்டு எழும்பாமலும் பார்த்துக்கொண்டார்.

1988 அக்டோபர் 26. ஒஹையோ மாநிலத்தில், ஒரு சுற்று ஏழரை மைல் நீளமுள்ள சோதனைத் தளம். ஸ்டீயரிங் பிடித்தவர் ஜான் லிங்கன்ஃபெல்ட்டர். இவரும் இன்ஜின் செய்வதில் பேர்போனவர். டிராக் ரேஸில் சாம்பியன். அந்த வேகத்தில் டயர் ஒன்று வெடித்தால்கூட யோசிக்க நேரமிருக்காது. கார் ஒரு நொடிக்கு 114 மீட்டர் கடந்துகொண்டிருந்தது. பதிவான வேகம் மணிக்கு 254.76 மைல், நம் கணக்கில் 410 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வேலூருக்கு 20 நிமிடத்தில் போகும் வேகம்! பத்து வருடம் கழித்து, 1998-ல் உலகையே வாய்பிளக்க வைத்த மெக்லாரன் எஃப்1 காரின் வேகம்கூட 240 மைல்தான்.

லிங்கன்ஃபெல்ட்டர் 2003-ல் இறந்தார். முந்தைய ஆண்டு பந்தயத்தில் நடந்த விபத்திலிருந்து அவர் மீளவில்லை. ரீவ்ஸ் கேலவே 2023 ஜூலையில், 75-வது வயதில் காலமானார். ஓல்டு லைம் கதையைச் சொல்லும் கார் ரசிகர்கள், 410 என்ற எண்ணோடு நிறுத்துவதில்லை. சோதனை முடிந்த பிறகு நடந்ததைத்தான் ஆசையாகச் சொல்வார்கள். ஸ்லெட்ஜ்ஹாமரை ஏற்றிப்போக அன்று லாரி வரவில்லை. ஒஹையோவிலிருந்து கனெக்டிகட் வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், மற்ற கார்களோடு கார்களாக நெடுஞ்சாலையிலேயே அதை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.