மனம் வரட்டும் என்று பார்த்திருந்தால்

சீனி வருத்தம், பிரஷர் என்று கிளினிக் கொப்பியோடு போகிறவர்களிடம் வைத்தியர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: நடவுங்கோ. நடை நல்லது என்பது மட்டக்களப்பில் யாருக்கும் தெரியாததல்ல. தைப்பொங்கலோடு தொடங்குகிறோம், மாசி முடியுமுன் விட்டுவிடுகிறோம், கேட்டால் மனம் வருகுதில்லை என்கிறோம். முதலில் மனம் வரவேண்டும், பிறகுதான் கால் நகரும் என்ற நம்பிக்கையே பிழை. சாரா மில்னும் சக ஆய்வாளர்களும் 2002 இல் பிரித்தானியாவில் 248 பல்கலைக்கழக மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி பற்றி எந்த அறிவுரையும் சொல்லவில்லை. இன்னொன்றுக்கு மாரடைப்பின் ஆபத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் எடுத்துச் சொன்னார்கள். மூன்றாவது குழு அதையும் வாசித்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்றும் எழுதிக் கொடுத்தது. அடுத்த வாரத்தில் முதற்குழுவில் 38 வீதமானோரும், அறிவுரை கேட்டவர்களில் 35 வீதமானோரும், எழுதிக் கொடுத்தவர்களில் 91 வீதமானோரும் பயிற்சி செய்தார்கள். புத்திமதியால் மட்டும் ஒருவரும் கூடுதலாக அசையவில்லை.

ஒரு வாரக் கதையை வைத்து ஆயுள் முழுவதற்கும் பேசலாமா என்று கேட்பது நியாயம். அதற்கு 2010 இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்றைப் பார்க்க வேண்டும். ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஒரு செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்யச் சொன்னார்கள். அது தன்னால் வருவதாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை எடுக்கும் என்று கணித்தார்கள். இடைநிலை 66 நாள். 21 நாளில் பழகிவிடும் என்று ஊரில் சொல்வதை மறந்துவிடலாம். இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் குலையவில்லை என்பதுதான் இதில் பெரிய ஆறுதல். ஒரு நாள் போகாததற்காக முழுவதையும் கைவிடுவதே நம்மவர் வழக்கம்.

ஆகவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று நாமும் ஒரு தாளில் எழுதி வைப்போம். இடத்துக்குப் பஞ்சமில்லை. 1924 இல் திறந்த கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதுப்பாலம் வந்தபின், பழைய இரும்புப் பாலத்தில் கனரக வாகன நெரிசல் இல்லை. நீளம் சுமார் 288 மீற்றர். ஐந்து தடவை போய்வந்தால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. விறுவிறுப்பாக நடந்தால் அரைமணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 150 நிமிடம் சரி. வெயிலைச் சொல்வார்கள், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடோ, கோயில் மணி கேட்டதும் எழுந்தோ நடந்தால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். மாரியில் என்ன செய்வது? மழையென்றால் விறாந்தையில் என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைக்க வேண்டும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். படுவான்கரையில் வயலில் நிற்பவருக்கும் வாவியில் வலை வீசுபவருக்கும் இந்தப் போதனை தேவையில்லை. கந்தோரிலும் கடையிலும் கதிரையிலேயே இருக்கிறவர்களுக்குத்தான் இது.

இந்த வாதம் இடறுவது பெண்களிடம். நேரத்தைக் குறிக்கச் சொல்வது சுலபம். காலைத் தேநீர், பிள்ளையின் பள்ளிச் சாப்பாடு, மாமியாரின் மருந்து என்று ஓடுகிறவருக்குத் தன் நேரம் தன் கையில் இல்லை. அங்கே தாளில் எழுத வேண்டியவர் அவர் மட்டுமல்ல. அவர் நடக்கும் அந்த அரைமணி நேரம் அடுப்பைப் பார்ப்பது யார் என்று வீட்டு ஆண்கள் தங்கள் பெயரை அதே தாளில் எழுதி வைக்கட்டும்.