ஒரு சமயம் ஆன் ஆகும், ஒரு சமயம் ஆகாது

லேப்டாப்பின் பவர் பட்டன், ஃபேன் ஸ்விட்ச் மாதிரி மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. “எழுந்திருக்கலாமா?” என்று கேட்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வி போய்ச் சேருமிடம் மதர்போர்டின் ஓரத்தில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிப். சர்வீஸ்காரர்கள் அதை ‘இசி’ என்பார்கள். நாம் ஷட் டவுன் கொடுத்து மூடி வைத்த பிறகும், குறிப்பாகச் சார்ஜர் செருகியிருந்தால், இசி பெரும்பாலும் விழித்தேதான் இருக்கும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், மூடி திறந்திருக்கிறதா, சூடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் நடப்பது என்னை இன்னமும் வியக்க வைக்கிறது. சார்ஜரிலிருந்து வருவது பெரும்பாலும் சுமார் 19 வோல்ட். உள்ளே எந்தச் சிப்புக்கும் அது நேரடியாக ஆகாது. முதலில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் நிலையாக நிற்க வேண்டும். பிறகு மெமரிக்கு, டிடிஆர்4 ரகமானால், 1.2 வோல்ட். கடைசியாகப் பிராசசருக்கு ஏறத்தாழ 1 வோல்ட்; வோல்ட் குறைவுதான், ஆனால் அது இழுக்கும் மின்னோட்டம் பல பத்து ஆம்பியர் வரை போகும். ஒவ்வொரு மின்தடமும் நிலைபெற்றதும் ‘சரி’ என்று ஒரு சிக்னல் கொடுக்கும். அது வந்தால்தான் அடுத்தது தொடங்கும். எல்லாம் சரியானதும், அதுவரை பிராசசரை நிறுத்தி வைத்திருந்த ரீசெட் சிக்னல் விலகி, பிராசசர் தன் முதல் கட்டளையைத் தேடிப் போகிறது. இன்டெல் பிராசசர்கள் அதைத் தேடுவது மெமரி முகவரியின் 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால். 1978இல் வந்த 8086, அன்றைய 1 எம்பி எல்லைக்கு அதே 16 பைட் முன்னால்தான் தேடியது. இவ்வளவு மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

இந்தச் சங்கிலியில் ஒரு ‘சரி’ வராவிட்டாலும் இசி எல்லாவற்றையும் அணைத்துவிடும். விளக்கு ஒரு நொடி எரிந்து அணைவதும், ஃபேன் லேசாகச் சுற்றி நிற்பதும் அதனால்தான். அடியோடு செத்த போர்டைவிட, அவ்வப்போது மட்டும் உயிர்பெறும் போர்டு நமக்கு அதிகம் சொல்கிறது என்பது என் திடமான எண்ணம். எப்போது ஆன் ஆகிறது, எப்போது மறுக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபடும்.

சார்ஜர் போட்டால் ஓடுகிறது, பேட்டரியில் மட்டும் ஆன் ஆனதும் அணைகிறது என்றால் சந்தேகம் பேட்டரி மேல். வயதான லித்தியம் அயான் செல்லின் உள்மின்தடை கூடிவிடும். சும்மா இருக்கும்போது 40 சதவீதம் என்று காட்டும். பிராசசர் திடீரென மின்சாரம் கேட்கும்போது வோல்ட் சரிந்து, பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம்; சார்ஜரை எடுத்துவிட்டு, அமுக்காமல், துளைக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

யுஎஸ்பி-சி சார்ஜர் என்றால் கதை வேறு. செருகியதும் அது 5 வோல்ட் மட்டும் தரும். பிறகு கேபிளில் இதற்கென்றே இருக்கும் மெல்லிய கம்பி வழியாகச் சார்ஜரும் லேப்டாப்பும் பேசி, பெரும்பாலும் 20 வோல்ட் வரை உயர்த்திக்கொள்ளும். போர்ட்டுக்குள் தூசி அடைத்து அந்த ஒரு முனை சரியாகத் தொடாமல் போனாலும் பேச்சு நின்றுவிடும். செருகியது செருகியபடியே இருக்கும், லேப்டாப்புக்கு வேண்டிய மின்சாரம் மட்டும் வராது.

மூடி திறந்ததா என்பதைப் பல லேப்டாப்கள் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கின்றன. 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவில் இயங்கும் சென்சார் அது. ஒரு லேப்டாப்பை இன்னொன்றின் மேல் வைத்தாலோ, காந்தக் கவர் போட்ட போனை அதன் ஓரத்தில் வைத்தாலோ, மூடி மூடியிருப்பதாக நினைத்துத் திரை இருண்டுவிடக்கூடும். பட்டனைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்தில் காந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சில நேரம் இசியே சிக்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் மின்சாரம் அறாமல் ஓடும் சிப் அது. சார்ஜரையும், கழற்ற முடிகிற பேட்டரியையும் எடுத்துவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். கப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டம் வடிந்து, இசி முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பதற்கு மந்திரம் போல இருந்தாலும் இதன் காரணம் மிக நேரானது.

காலையில் ஆன் ஆகாமல், கொஞ்சம் சூடேறியதும் ஆன் ஆனாலோ, ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதும் அணைந்தாலோ, சால்டரில் விரிசல் இருக்கலாம். ஒரு டிகிரி சூடு ஏறினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரிகிறது. மதர்போர்டு 15 பங்கு போல விரிகிறது. ஆன் செய்து அணைக்கும் ஒவ்வொரு முறையும் இடையில் உள்ள சால்டர் குண்டுகள் இந்த இழுபறியைத் தாங்குகின்றன. நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும், குளிரில் விலகும்; சில போர்டுகளில் நேர்மாறாகவும் நடக்கும். சார்ஜர் முள் போகும் ஜாக்கில் இதே விரிசல் வர சூடுகூடத் தேவையில்லை, வயர் இழுபடுவதே போதும்.

இதற்குமேல் வீட்டில் பார்க்க முடியாது. சர்வீஸ் மேசையில் போர்டை அளவான மின்சாரம் தரும் சப்ளையில் மாட்டி, பட்டனை அழுத்தி, ஆம்பியர் முள்ளைக் கவனிப்பார்கள். எந்த அளவில் ஏற்றம் நிற்கிறது என்பதை வைத்தே எந்தக் கட்டத்தில் சங்கிலி அறுந்தது என்று பழகிய கண் ஊகித்துவிடும். எங்கோ ஷார்ட் என்றால் ஓர் அழகான உத்தி உண்டு. சால்டரிங் முனையில் ரோசின் என்னும் பிசினைத் தொட்டு, எழும் புகையைப் போர்டின் மேல் படியவிடுவார்கள். போர்டு முழுக்க வெண்பூச்சு. பிறகு ஷார்ட் ஆன தடத்தில் 1 வோல்ட் போலக் குறைவாக மின்சாரம் செலுத்துவார்கள். நூற்றுக்கணக்கான கப்பாசிட்டர்களில் பழுதானது மட்டும் சூடேறி, அதன் மேல் இருக்கும் வெள்ளை உருகித் தெளிந்துவிடும். அரிசியைவிடச் சிறிய அந்தப் பீங்கான் துண்டை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதியதை வைத்தால் பெரும்பாலும் அந்தத் தடம் மறுபடி நிமிர்ந்துவிடும்.