ஒரே நாளில் கைகாட்டிய பங்குச்சந்தை... கேட்காமல் போன எச்சரிக்கை!

1986, ஜனவரி 28. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்து கிளம்பிய சேலஞ்சர் விண்வெளி ஓடம், 73-வது நொடியில் வானிலேயே சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட 7 பேர் பலி.

காரணம் என்ன? அன்று அதிகாரபூர்வமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால், பங்குச்சந்தை கைகாட்டிவிட்டது. ஓடத் திட்டத்தில் இருந்த 4 பெரிய நிறுவனங்களில், ராக்கெட் பூஸ்டர் தயாரித்த மார்ட்டன் தயோக்காலின் பங்கு அன்றே சுமார் 12% சரிந்தது. மற்ற மூன்றும் சுமார் 3% மட்டுமே இறங்கின.

பிப்ரவரியில், விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், பூஸ்டர் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தின் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார். குளிரில் ரப்பர் விறைத்துப்போனது! ஜூனில் வெளியான அறிக்கையும் அந்த இணைப்பையே குற்றம்சாட்டியது.

சந்தைக்கு எப்படித் தெரிந்தது? பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களுக்கு, உள்விவரம் தெரிந்தவர்கள் விற்றதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. பலரிடம் துண்டு துண்டாக இருந்த தகவலும் ஊகமும் விலையில் ஒன்றுசேர்ந்திருக்கலாம்.

ஆனால், விலை 'யார்' என்று மட்டும்தான் கைகாட்டும். 'ஏன்' என்று சொல்ல, எல்லோர் முன்னிலையிலும் செய்து பார்க்கும் சோதனை வேண்டும்.

இதில் பெரிய சோகம் வேறு. 'இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்' என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தார்கள். மேலிடம் கேட்கவில்லை.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால், 7 உயிர்கள் பிழைத்திருக்கும்!